படிகளைக் காட்டுக

விடையை மட்டும் எழுதினால்
ஐந்துக்கு ஒன்றுதான் போடுவேன்.
ஏழாம் வகுப்பு பி பிரிவில் அது எல்லோருக்கும் தெரியும்.
எங்கிருந்து வந்தது இந்த நாற்பத்திரண்டு?
வானத்திலிருந்து குதித்ததா?
படி எங்கே, படி எங்கே என்று
சிவப்பு மையால் கேட்டுக் கேட்டே
பதினோரு வருஷம் ஓடிவிட்டது முக்கூடலில்.

மழை விடாத ஒரு டிசம்பர் இரவு,
பத்தே முக்காலுக்கு அந்தப் படம் வந்தது.
பாலத்தின் மேல் ஆறு.
"அணை உடைந்தது. இரண்டு மணி நேரத்தில்
முக்கூடல் மூழ்கும். உடனே பகிரவும்."
அனுப்பியது என் நாத்தனார்.
அவளுக்கு அனுப்பியது அவளுடைய பேங்க் தோழி.
அதற்கு முன்னால் யார் என்று நான் கேட்கவில்லை.
வகுப்புக் குழுவில் போட்டேன்,
முப்பத்தெட்டு வீடு.
கூடவே என் பங்குக்கு,
"பெற்றோர் கவனத்திற்கு."

அந்த ஒரு வரிதான்
வதந்திக்கு நான் போட்ட சிவப்பு டிக்.
"டீச்சரே போட்டிருக்காவ" என்று
தெரு எழுந்துவிட்டது.

மதிவதனியின் அம்மா பிரம்மசக்தி
இலைக்கட்டும் தூள் டப்பாவுமாக
பக்கத்து வீட்டு மொட்டைமாடிக்கு ஏறியிருக்கிறாள்.
மூடியது கிழிந்த உரச்சாக்கு.
விடியும்வரை மழை.
ஆறு?
படித்துறையில் எட்டுப் படி மிச்சம் வைத்து
தன் பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது.
நனைந்தது இரண்டாயிரம் பீடிக்கான தூள்.
கம்பெனியில் கணக்கென்றால் கணக்கு;
கூலியில் கழித்துவிட்டார்கள்.

மறுநாள்தான் அந்தப் படத்தை
இரண்டு விரலால் விரித்துப் பார்த்தேன்.
அனுப்புவதற்கு ஒரு விரல் போதுமாக இருந்தது.
மூலையில் ஒரு டீக்கடைப் பலகை,
எழுத்து தமிழில்லை.
கைப்பிடிச் சுவர் நெடுக விளக்குக் கம்பங்கள்.
தினமும் எட்டு இருபது பஸ்ஸில்
ஜன்னலோரம் உட்கார்ந்து நான் கடக்கும் பாலத்தில்
விளக்கே கிடையாது.
இருட்டில் ஒரு சைக்கிள்காரர் விழுந்ததற்கு
மனுவில் கையெழுத்தே போட்டிருக்கிறேன்.

பிப்ரவரியில் பாளையங்கோட்டையில் இரண்டு நாள் பயிற்சி.
மின்விசிறி இரைச்சலை மீறி
வள்ளியூர் இயற்பியல் ஆசிரியர் ஆவுடையப்பன் சொன்னார்:
மேலே வருவதெல்லாம் மேலானது அல்ல.
பத்து இடத்தில் ஒரே எழுத்துப்பிழை இருந்தால்
அது பத்து சாட்சி இல்லை,
ஒருத்தனைப் பார்த்து எழுதிய ஒன்பது பேர்.
எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.
பின் பெஞ்சில் நான் பிடிப்பதும் இதைத்தானே.

படத்தையே கொடுத்துத் தேடலாமாம். தேடினேன்.
ஒன்பது வருஷத்துக்கு முந்தையது,
வேறு மாநிலம், பெயர் வாயில் நுழையாத ஆறு.
அங்கே வீடுகள் நிஜமாகவே போயிருந்தன.
அது எனக்கு உறைக்க
பயிற்சி முடிந்து பஸ் ஏற வேண்டியிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை பணத்தோடு போனேன்.
சொளவை மடியிலிருந்து இறக்காமலே
"அத உள்ள வைங்க டீச்சர்,
இத மட்டும் பாத்துச் சொல்லுங்க" என்றாள்.
போனில் ஒரு செய்தி:
பீடித் தொழிலாளர் பிள்ளைகளுக்கு
உதவித்தொகை இரண்டு மடங்கு,
இன்றே கடைசி நாள், கீழே தொடவும்.
"நெசந்தானா?"

"தெரியலம்மா" என்றேன்.
அவள் விரல்கள்
ஒரு பீடி சுற்றும் நேரம் நின்றன.

தரையிலேயே உட்கார்ந்தேன்.
முகவரியை எழுத்தெழுத்தாக வாசித்தேன்;
அரசு என்று தொடங்கி எங்கேயோ முடிந்தது.
அதைத் தொடாமல்
துறையின் பக்கத்தைத் தனியாகத் திறந்தேன்.
அறிவிப்பு இருந்தது, தேதி போன வருஷம்,
தொகை வேறு.
இன்னொரு பக்கம் சுற்றிக்கொண்டே இருந்தது.
நாளை அலுவலகத்துக்கு ஒரு போன் போட வேண்டும்.

மதிவதனியின் கணக்கு நோட்டைக் கேட்டு வாங்கி
கடைசிப் பக்கத்தில் வரிசையாக எழுதினேன்:
எங்கே பார்த்தேன், யார் சொன்னது,
எந்தத் தேதி, எது பொருந்தவில்லை.
அவள் தோள்வழியே எட்டிப் பார்த்துவிட்டு
"விடை எங்க டீச்சர்?" என்றாள்.